இரத்தம் இருக்கட்டும், பாதத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிழிவு நோயாளிகளுக்கு வரக்கூடிய நரம்புப் பாதிப்பை இரத்தப் பரிசோதனையால் முன்கூட்டியே கணிக்கும் ஆய்வுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். நரம்பிழைகள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் புரதத்தை அளப்பது நம்பிக்கை தரும் முயற்சிதான். ஆனால் அது ஆய்வகத்தைக் கடந்து அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும்வரை, கைவசம் உள்ள எளிய சோதனையையாவது நாம் முறையாகச் செய்ய வேண்டாமா? 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் ஊன்றி, தொடுவது தெரிகிறதா என்று கேட்கும் அச்சோதனைக்குச் சில நிமிடங்களே போதும்.

என் தந்தை 12 ஆண்டுகளாக மாதந்தோறும் சர்க்கரை அளவைப் பார்த்து வந்தார். ஒருமுறைகூட எவரும் அவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை (மருத்துவர்களைக் குறைசொல்லவில்லை, வெளிநோயாளிகள் வரிசை அப்படி). ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பியவரின் இடது காலில் செருப்பு இல்லை என்பதை, வாசலில் நின்ற என் தாயார் சொல்லித்தான் அவரே அறிந்தார். குதிகாலில் முள் ஏறியிருந்தது, வலியே இல்லை. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் கூறியது. தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்களுக்கு அந்த இழையையும் உரிய பயிற்சியையும் அளித்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதங்களைச் சோதித்து நோயாளியின் அட்டையில் குறிக்கச் செய்யலாம்.

- வாசகர், திருச்சி