25 மீற்றர் தடித்த கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் காணிப் பிரச்சினை பற்றிய கட்டுரை ஒன்றோடு உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வந்திருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்து மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளை எல்லாம் அடங்கிய படம். அடியில் "அளவுத்திட்டம் 1:50,000" என்று எழுதியிருந்தது. நான் அடிமட்டத்தை எடுத்து அளந்து பார்த்தேன். பழைய பழக்கம், மனிசிக்குச் சிரிப்பு. படத்தின் அகலம் 12 சென்ரிமீற்றர். 1:50,000 என்றால் 1 சென்ரிமீற்றருக்கு அரைக் கிலோமீற்றர். அந்தக் கணக்கில் உங்கள் படம் முழுவதும் 6 கிலோமீற்றர்தான். மாங்குளத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு சைக்கிளை மிதித்தால் அரை மணித்தியாலத்தில் முள்ளியவளைக்குப் போய்விடலாம்!

நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். 80 சென்ரிமீற்றர் அகலமான ஒரு தாளை உங்கள் பக்க வடிவமைப்பாளர் மூன்று பத்திக்குள் அடங்கும்படி சுருக்கியிருக்கிறார். படம் சுருங்கியது, அடியில் இருந்த எண் சுருங்கவில்லை. அச்சில் வந்தபோது அதன் உண்மையான அளவுத்திட்டம் ஏறத்தாழ 1:333,000. பின்னத்தை எழுதாமல், "0 – 5 – 10 கி.மீ." என்று பிரித்த ஒரு சிறு கோட்டைப் போட்டிருந்தால் படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கியிருக்கும், பிழை வந்திருக்காது. க.பொ.த. சாதாரண தரப் புவியியல் படித்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. இதற்காக மட்டும் என்றால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். இதே பிழை எங்கள் வீட்டு வேலிக்குள்ளேயே வந்து நிற்பதால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். கொழும்பில் ஆறு வருடம், 83 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவில். கையில் மைப்பேனாவோடு வாழ்ந்த தலைமுறை. பேனா முனைகளுக்கு 0.18, 0.25, 0.35, 0.5 மில்லிமீற்றர் என்று இலக்கம் இருக்கும். எந்தக் கோட்டுக்கு எந்த முனை என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த முதற் பாடம். இப்போது ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கம் கொஞ்ச வயலோடும் இரண்டு பசுக்களோடும் இருக்கிறேன்.

என் தங்கச்சியின் காணி எங்கள் காணிக்கு அடுத்தது. 2 ஏக்கர் மேட்டுக்காணி. அப்பாவுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தோடு தந்த காணி), பிறகு அவளுக்கு வந்தது. அந்தப் பெர்மிட்டையும் படத்தின் பிரதியையும் அவள் 2009இல் பொலித்தீன் பையில் சுற்றி, உடுப்புக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தவள். நகை போனது, மோட்டார் சைக்கிள் போனது, அந்தப் பை மட்டும் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் வரை போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் வேலியில்லை, கிணற்றுக்குள் தகரமும் மண்ணும். கிணற்றை இறைத்து, 20 தென்னம்பிள்ளை வைத்து, இப்போது காய்க்கிறது.

போன வைகாசியில் ஒரு திணைக்களத்து உத்தியோகத்தர் இரண்டு பேரோடு வந்தார். கையில் ஒரு ரப், அதாவது தொடுதிரைக் கொம்பியூட்டர். அதில் பச்சைக் கோடு ஒன்று ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் காணியாம், அந்தப் பக்கம் ஒதுக்குக் காடாம். கோடு சரியாகத் தங்கச்சியின் கிணற்றுக்கு நடுவால் போகிறது. கிணற்றின் பாதி காட்டில், பாதி வீட்டில்.

பெடியன் மரியாதையானவன், அதைச் சொல்லத்தான் வேண்டும். வெயிலுக்குள் நின்றான், இளநீர் கொடுத்ததற்கு நன்றி சொன்னான். நான் கேட்டேன், "தம்பி, இந்தக் கோடு எந்த அளவுத்திட்டத்தில கீறினது?"

"ஐயா, இது டிஜிட்டல். இதுக்கு அளவுத்திட்டம் எண்டு ஒண்டும் இல்லை. விரும்பின மாதிரிப் பெருப்பிக்கலாம், பாருங்கோ." இரண்டு விரலால் விரித்துக் காட்டினான். கிணற்றுக்கட்டு திரை முழுக்க வந்தது. பச்சைக் கோடு மட்டும் அதே மெல்லிய மயிர்க்கோடாகவே நின்றது.

எனக்கு நித்திரையைக் கெடுத்தது அந்த மயிர்க்கோடுதான். தாளில் இருக்கும் படத்தைப் பெருப்பித்தால் கோடும் தடிக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் மை பரவின ஓரம்கூடத் தெரியும். "நான் ஒரு தடித்த கோடு, என்னை நம்பிக் கிணறு பிரிக்காதே" என்று அதுவே சொல்லிவிடும். திரையில் அந்த வெட்கம் இல்லை. எத்தனை மடங்கு பெருப்பித்தாலும் கோட்டின் தடிப்பு மாறாது. பார்க்கிறவனுக்கு அங்குலக் கணக்கில் அளந்த எல்லை போலத் தோன்றும்.

கணக்கைச் சொல்கிறேன். 1:50,000 இடவிளக்கப்படத்தில் 0.5 மில்லிமீற்றர் கோடு நிலத்தில் 25 மீற்றர். தங்கச்சியின் 2 ஏக்கரைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 90 மீற்றர். அந்தப் படத்தில் அது 1.8 மில்லிமீற்றர், ஒரு கடுகு. அந்தக் கடுகின் ஒரு ஓரத்தில் 0.5 மில்லிமீற்றர் கோடு இழுத்தால் கோட்டின் மைக்குள் மட்டுமே அரை ஏக்கருக்கு மேல், 89 பேர்ச் (ஒரு ஏக்கர் 160 பேர்ச்) நிலம், மறைந்து போகிறது. கிணறும் தென்னம்பிள்ளைகளும் எந்தப் பக்கம் என்று அந்தப் படம் சொல்லாது. சொல்ல அதற்குத் தெரியாது.

இப்போது பெர்மிட்டோடு இருக்கும் காணிப் படத்தைப் பாருங்கள். பழைய கிராமப் படங்கள் ஒரு அங்குலத்துக்கு 4 சங்கிலி, அதாவது 1:3,168. ஒரு சங்கிலி 66 அடி. அதே 2 ஏக்கர் அங்கே ஒரு பக்கம் 28 மில்லிமீற்றர் வரும், தபால் முத்திரை அளவு. 0.3 மில்லிமீற்றர் பேனாக் கோடு நிலத்தில் ஒரு மீற்றருக்கும் குறைவு. இப்படி ஒரு படம் கையில் இருக்க, கடுகுப் படத்தை வைத்து முத்திரைப் படத்தைத் திருத்த வருகிறார்கள்!

அது 1:50,000 தாளில் இருந்து எடுத்த கோடுதான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். காணிக்குப் பின்னால் ஒரு ஓடை இருக்கிறது. மாரியில் மட்டும் தண்ணீர். எல்லை அந்த ஓடை வழியே போவதாகத்தான் பழைய ஆட்களும் சொல்வார்கள், படமும் சொல்கிறது. ஓடையில் எங்கள் காணிகளுக்குப் பின்னால் மட்டும் ஏழு வளைவு. சின்ன வயதில் விரால் பிடித்த இடங்கள், எண்ணிச் சொல்வேன். ரப்பில் இருந்த கோட்டில் இரண்டே வளைவு. தம்பியிடம் கேட்டு இன்னும் பெருப்பிக்கச் சொன்னேன். அப்போது அந்த இரண்டு வளைவும் குச்சி குச்சியாக உடைந்தன. ஒரு குச்சி 60, 70 மீற்றர் நீளம். தாளில் இருந்த கோட்டின் மேல் யாரோ கொம்பியூட்டரில் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். தாளில் அது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல், கைக்கு வசதியான இடைவெளி.

ஏழு வளைவு இரண்டாகக் குறைந்தது பிழையில்லை. சிறிய அளவுத்திட்டத்துக்குப் போகும்போது வளைவை மழிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கோட்டின் மேல் கோடு ஏறி மை குழம்பிவிடும். பொதுமைப்படுத்தல் என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான். வேறு தந்திரமும் உண்டு. குளக்கட்டு, அதன் மேல் ரோட்டு, பக்கத்தில் வாய்க்கால் மூன்றும் ஒட்டி ஒட்டிப் போனால், மூன்றும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்றையொன்று தள்ளி வரைவோம். 12 அடி ரோட்டை ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் கீறினால் அது நிலத்தில் 50 மீற்றர் பெருவீதி. படம் பார்ப்பவருக்கு ரோட்டு இருக்கிறது, வாய்க்கால் வலப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்பதுதான் கணக்கு. வழி கண்டுபிடிக்க, இராணுவம் நடக்க, திட்டம் போட என்று வரைந்த படங்கள் அவை. ஒரு பெண்ணின் கிணற்றைப் பிரிக்க யாரும் வரையவில்லை. அந்தக் காலத்து மேசையில் இப்படி எத்தனையோ ஓடைகளின் வளைவை மழித்தவன் நான். இந்த ஓடையும் என் கையால் மழிபட்டிருக்கலாம் என்று நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, வேறு என்னவோவும் வருகிறது.

இலங்கை முழுவதையும் பழைய ஒரு அங்குலப் படம், அதாவது 1:63,360, 72 தாள்களில் அடக்கியது. பிறகு வந்த 1:50,000 படம் 92 தாள்களில். ஒரு தாள் 40 கிலோமீற்றருக்கு 25 கிலோமீற்றர். வன்னியின் காடும் களப்பும் குளமும் அதில் வரும் அழகு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். குறை சொல்வது அந்தப் படத்தையல்ல. படத்தை வருடிக் கொம்பியூட்டருக்குள் ஏற்றும்போது ஓரத்தில் அச்சிட்டிருந்த அளவுத்திட்டமும் ஆண்டும் குறிவிளக்கமும் கத்தரித்து எறியப்படுகின்றன. கோடு மட்டும் மிஞ்சுகிறது. பிறகு 1:10,000 தாளில் இருந்து வந்த கோடும் 1:50,000 தாளில் இருந்து வந்த கோடும் ஒரே திரையில் ஒரே தடிப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் பிழை 5 மீற்றர், மற்றதின் பிழை 25 மீற்றர்.

பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கும் என் பேத்தி ஒரு கூத்துச் சொன்னாள். முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகளில் உவர்த்தன்மை அளந்து, போனில் இடங்களைக் குறித்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு உலகப் படத்தின் மேல் போட்டிருக்கிறாள். இரண்டு கிணறு கடலுக்குள்! அவள் போன் பிழை என்று நினைத்து அடுத்த நாள் மறுபடி போய் அளந்திருக்கிறாள். போனில் பிழையில்லை. திறந்த வெளியில் போன் 5 மீற்றர் அளவுக்குச் சரியாகச் சொல்லும், மரத்துக்குக் கீழே கொஞ்சம் உளறும், அவ்வளவுதான். அந்த உலகப் படம் ஒரு கோடிக்கு ஒன்று என்ற அளவுத்திட்டத்தில் செய்தது. அதில் 0.5 மில்லிமீற்றர் என்றால் 5 கிலோமீற்றர். சுவரில் மாட்டும் உலகப் படத்துக்கு அது தாராளம். அதற்குள் கொக்கிளாயையும் நாயாற்றையும் தேடி, நந்திக்கடலின் கரையை அளக்கப் போனால் யார் பிழை?

குளங்களுக்கும் இதே கதி. 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்குத் தண்ணீர் கொடுப்பவை சிறுகுளங்கள். வன்னியில் அவை எத்தனை கிராமங்களுக்கு உயிர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 5 ஏக்கர் குளம் 1:50,000 படத்தில் 3 மில்லிமீற்றர்கூட வராது. 1:250,000 படத்தில் அரை மில்லிமீற்றர், ஒரு புள்ளி, வரைஞன் விட்டுவிடுவான். அந்தப் படத்தில் இருந்து தரவு எடுத்து, "இந்தப் பிரிவில் குளம் இல்லை" என்று அறிக்கை எழுதலாம். எழுதினவர் பொய் சொல்லவில்லை. குளமும் பொய் சொல்லவில்லை, அலைகரையில் மாடு மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

வெள்ளப் படம் இன்னொரு கதை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கிராமம் கிராமமாகத் தண்ணீர் ஏறியதற்குப் பிறகு எல்லோருக்கும் வெள்ள அபாயப் படத்தில் ஆசை. நல்ல ஆசை. ஆனால் 1:50,000 படத்தின் சமவுயரக்கோடுகள், அதாவது ஒரே உயரமான இடங்களை இணைக்கும் கோடுகள், 20 மீற்றர் உயரத்துக்கு ஒன்று. எங்கள் தட்டை நிலத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஊர்களே கிடக்கும். அதற்குப் பதிலாகப் பலரும் எடுப்பது 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று 11 நாள் சுற்றி ராடாரால் அளந்த உயரத் தரவு. அதில் ஒரு கட்டம் 30 மீற்றர். குளக்கட்டின் மேல்முகம் 10, 12 அடி. கட்டத்துக்குள் கட்டு கரைந்துவிடும். காடு உள்ள இடத்தில் அந்த ராடார் தரையைத் தொடாமல் பாலை, வீரை மரங்கள் நிற்கும் உயரத்தையும் சேர்த்தே தரும். காட்டை மேடு என்றும் குளக்கட்டை இல்லை என்றும் நம்பும் படத்தை வைத்து எந்த வீடு முழுகும் என்று சொன்னால், நான் என் மாட்டை அவிழ்த்துக்கொண்டு பழையபடி அப்பா சொன்ன மேட்டுக்குத்தான் போவேன்.

சரி, கிணற்றுக்கு வருகிறேன். அந்தத் தம்பியிடம் முத்திரைப் படத்தைக் காட்டினேன். கவனமாகப் பார்த்தான். "ஐயா, எனக்கு மேல இருந்து தந்த கோடு இது. நான் மாத்தேலாது" என்றான். அதுவும் நியாயம்தான். தந்தவர்கள் கோட்டோடு சேர்த்து ஒரு வரி கொடுத்திருக்கலாம்: எந்த ஆண்டுப் படம், எந்த அளவுத்திட்டம், எத்தனை மீற்றர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருக்கலாம். அந்த ஒரு வரி ரப்பில் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தால் அவன் கிணற்றடிக்கு வந்திருக்கவே மாட்டான், அல்லது நில அளவையாளரோடு வந்திருப்பான். ஏக்கர் கணக்கில் காடு எங்கே என்று தேடுவதற்கு அந்தக் கோடு போதும். பேர்ச் கணக்கில் வேலி எங்கே என்று கேட்டால், சேவையர் வந்து பழைய கல்லைத் தேடி அளக்க வேண்டும். வேறு வழியில்லை. பிரதேச செயலகங்களில் காணிக்கு வந்து நிற்கும் சனம் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும்: "இது எந்த அளவுத்திட்டத்தில கீறினது?" பதில் வராவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள்.

கல்லைப் பற்றி ஒரு செய்தி. போன கிழமை மாட்டுக்கொட்டிலை மாற்றிக் கட்டுவதற்குத் தோண்டியபோது, இரண்டடி ஆழத்தில் தலை உடைந்த எல்லைக்கல் ஒன்று வந்தது. தங்கச்சியின் கிணற்றில் இருந்து ஓடைப் பக்கமாக 31 அடி தள்ளி. அதை அசைக்காமல் அப்படியே விட்டு, மேலே வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். அளக்க வருவதற்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, காலபோக அறுவடைக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த முறை படம் போடும்போது அந்தச் சிறு கோட்டைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.