ஜூ நெகாராவுக்குத் தோள் கொடுத்த பத்தாங் பெர்ஜுந்தை மக்களுக்கு நன்றி

பெரியோர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

பள்ளி விடுமுறையில் நம் ஊர்ப் பிள்ளைகளை மலேசியாவின் தேசிய விலங்குக்காட்சிச்சாலையான ஜூ நெகாராவுக்கு அழைத்துப்போனதும், விலங்குகளுக்குத் தீனி சேர்த்து அனுப்பியதும் நல்லபடியாக முடிந்தன. பேர் சொல்லி நன்றி கூறினால் யாராவது விடுபட்டுப் போவார்கள். அதனால் செய்த வேலையைச் சொல்லி நன்றி கூறுகிறோம். உங்கள் வேலை எதுவென்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவர்களுக்கு. "தீனிதான் கொடுக்கிறோமே, டிக்கெட் எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். 1963 நவம்பர் 14-இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த அந்தப் பூங்காவை நடத்துவது மலேசிய விலங்கியல் கழகம். அது அரசாங்க இலாகா கிடையாது. வாசலில் வசூலாகும் பணத்தைத்தான் அது பெரிதும் நம்பியிருக்கிறது. ஆள் வராத நாளிலும் வளர்ந்த யானை ஒன்று 150 கிலோ வரை புல்லும் தழையும் தின்னும். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வாசல் மூடியதும் பூங்கா பொதுமக்களிடம் கையேந்த நேர்ந்தது இதனால்தான். நாம் கொடுக்கும் பழம் ஒருவேளைத் தீனி. மருந்து, மின்சாரம், பராமரிப்பாளர் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் டிக்கெட் காசில்தான் நடக்க வேண்டும். அடையாள அட்டையான மைகார்ட்டையும் பிள்ளைகளின் அட்டையான மைகிட்டையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லி வீடு வீடாக ஞாபகப்படுத்திய அக்காமார்களுக்கும் இதிலேயே நன்றி. உள்நாட்டுக் கட்டணம் குறைவு, ஆனால் அட்டையைக் காட்ட வேண்டும்.

அடுத்து, தழை வெட்டியவர்கள். இது பார்க்கச் சுலபம், கெடுப்பதும் சுலபம். தோட்டத்தின் எந்த பிளாக்கில் எப்போது களைக்கொல்லி மருந்து அடித்தார்கள் என்று மண்டோர்கள் (மேஸ்திரிகள்) சொன்னதால்தான் நம்பி அரிவாளை எடுக்க முடிந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 முதல் தடை, ஆனால் கிளைபோசேட் என்ற இன்னொன்றை இன்னும் அடிக்கிறார்கள். மருந்து பட்ட புல் சில நாள் பச்சையாகவேதான் நிற்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரோட்டோரப் புல்லைத் தொடவே இல்லை. மாடு வைத்திருக்கும் அண்ணன்மார்கள் தீவனத்துக்கு வளர்த்த தங்கள் நேப்பியர் புல்லில் பங்கு கொடுத்தார்கள். முற்றிய புல் வெறும் தண்டாகிவிடும் என்பதால் இளசாகப் பார்த்து, லோரி கிளம்பும் அன்று விடியற்காலையில்தான் அறுத்தார்கள். முந்தின நாளே அறுத்துக் குவித்தால் பச்சைப்புல் உள்ளே சூடேறிப் புளித்து, நடுக்கட்டு பூசணம் பிடித்துவிடும். கட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, காற்றுப் போக இடம் விட்டு, ஈரச் சாக்கு போர்த்தினார்கள்.

பலா, ஆல், செம்பருத்திக் கிளைகளைக் கட்டைவிரல் தடிமனுக்கு விட்டு வெட்டச் சொன்னோம். இலையை உண்ணும் விலங்குகள் பட்டையையும் உரித்துத் தின்னும், அதற்கு வாய்க்கு வேலையும் கிடைக்கும். கம்பி, நைலான் கயிறு இரண்டுக்கும் தடை போட்டு எல்லாவற்றையும் வாழை நாரால் கட்டிய தாத்தாக்களுக்குத் தனி வணக்கம். நைலானை மான் விழுங்கினால் அது இரைப்பையிலேயே தங்கிவிடும். நார் தீனியோடு தீனியாகப் போய்விடும்.

பாசார் கடைக்காரர்கள் வாழைப்பழத்தைக் காயும் பழமுமாக இருக்கும்போதே இறக்கித் தந்தார்கள். நன்கு பழுத்த சீப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் ஏற்றினால் போய்ச் சேரும்போது கூழ்தான். ஓட்டைக் கூடையில் பழைய நாளிதழ் விரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குக்குமேல் போகாமல் வைத்தார்கள். குரங்குக்கு வாழைப்பழம்தானே என்று நிறையக் கொடுக்க வந்தவர்களைக் கொஞ்சம் தடுத்தோம். நாம் பயிரிடும் பழங்களில் காட்டுப் பழத்தைவிடச் சர்க்கரை அதிகம். பல்லும் உடம்பும் கெடும். கங்கோங் கீரை, பயற்றங்காய், சக்கரவள்ளி கேட்டதன் காரணம் அதுதான்.

'இது வேண்டாம்' என்று நாங்கள் திருப்பியபோது கோபிக்காமல் எடுத்துப்போனவர்களுக்குப் பெரிய நன்றி. ரொட்டியும் சோறும் மானின் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். பச்சை மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் உண்டு. கோவில் மாலையில் மிஞ்சிய அரளி முழுக்க விஷம். ஆரஞ்சு எதற்கு ஆகாது என்று கேட்ட பாட்டிக்கு விளக்கம்: இருவாட்சிப் பறவைக்கு ஈரலில் இரும்புச்சத்து தேங்கும் நோய் வரக்கூடும்; புளிப்புப் பழங்களின் வைட்டமின் சி இரும்பை மேலும் உறிஞ்ச வைக்கும். சந்தேகம் வந்தால் ஏற்றுவதற்குமுன் பூங்காவைக் கேட்பதே முறை. கேட்காமல் கொண்டுபோனால் பாதி குப்பைக்குப் போகும்.

பஸ் ஓட்டிய அண்ணனுக்கு நன்றி. லதார் நெடுஞ்சாலை வழியாகப் போய் எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலையைப் பிடித்து, வழியில் பத்துமலை முருகன் கோவில் கண்ணில் பட்டபோதும் நிறுத்தாமல் காலையிலேயே கொண்டுசேர்த்தார். சூடு ஏறுவதற்குள் போனால்தான் புலி நடமாடும். மத்தியானம் போனால் படுத்திருக்கும் முதுகைத்தான் பார்க்கலாம். வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கோவிலுக்குப் போனோம். பத்துமலைக் குரங்குகளுக்குப் பழம் நீட்டிப் பழகிய பிள்ளைகளை ஜூவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவைத்த ஆசிரியர்களை எப்படிப் பாராட்டுவது? மனிதரின் சளி ஒராங் ஊத்தானுக்கும் தொற்றும் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள்.

அந்த ஆசிரியர்கள் இன்னொன்றும் செய்தார்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் தென்னமரம் எஸ்டேட்டில் எழுந்ததையும், காட்டில் மலாயாப் புலி இன்று 150-க்கும் குறைவு என்பதையும் ஒரே பாடத்தில் சொன்னார்கள். காட்டை வெட்டச் சொன்னது நம் பாட்டன்மார் அல்லர், வெட்டிய கைகள் அவர்களுடையவை. பிள்ளைகள் கூண்டுக்கு முன்னால் நிற்குமுன் இதைத் தெரிந்துகொண்டது நல்லது என்றே நினைக்கிறோம்.

மிஞ்சிய பணத்தைப் பூங்காவின் விலங்குத் தத்தெடுப்புத் திட்டத்துக்குக் கொடுக்கலாமென்று பெற்றோர் கூட்டத்தில் முடிவானது. தத்தெடுப்பது என்றால் விலங்கு நம் வீட்டுக்கு வராது, அதன் தீனிச் செலவில் நாம் பங்கு போடுகிறோம். எதைத் தத்தெடுப்பது, தாப்பிரா (மூக்கு நீண்ட காட்டு விலங்கு) புலியா என்று பிள்ளைகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வரவுசெலவுக் கணக்கும் ரசீதும் தமிழ்ப்பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். பழக்கூடைகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறோம். கொடுத்தவர்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பேர் எழுதாத கூடைகள்தான் அதிகம், அடுத்த முறை அடியில் மை போட்டு எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்