தலைவலியும் ஹார்மோன் பரிசோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒற்றைத் தலைவலியோடு பாலுணர்வும் குறைந்துபோன இளைஞர்கள் பலர், மாலையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மட்டும் பார்த்துவிட்டுக் கலங்குகிறார்கள். அது காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெறும் வயிற்றில், 7 முதல் 10 மணிக்குள், இரு வேறு நாட்களில் ரத்தம் கொடுக்க வேண்டும். கூடவே எல்ஹெச் (டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), தைராய்டு, முக்கியமாகப் புரோலாக்டின் (மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்; கூடினால் பாலுணர்வு குறையும்) ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

இதில்தான் ஒரு சிக்கல். தலைவலிக் குமட்டலுக்குத் தரும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு மாத்திரைகளே புரோலாக்டினை ஏற்றிவிடும். ஊசி பயம்கூடச் சற்று ஏற்றும். பிட்யூட்டரியில் கட்டி இருந்தாலும் புரோலாக்டின் கூடும் என்பதால், மருந்துச் சீட்டைக் காட்டாவிட்டால் மூளைக்கட்டியோ என்று வீண் பீதி! மருந்து காரணமில்லாமல் மறுபரிசோதனையிலும் கூடுதலாகவே இருந்தால் பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ தேவைப்படும்.

தலைவலித் தடுப்புக்கான புரோப்ரனலால், அமிட்ரிப்டிலினும் ஆசையைக் குறைக்கலாம். தாமாக நிறுத்தக் கூடாது. அவசரப்பட்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும்.