முடிவுக்கு முன் தராசு

உறுப்பினர்களுக்கு வணக்கம். "முதலில் வந்த குதிரையின் பெயரை உடனே உறுதி செய்ய ஏன் இவ்வளவு தாமதம்?" என்ற கேள்வி குழுவில் ஓயாமல் வருகிறது. நாம் அதிகம் பார்க்கும் பிரிட்டன் பந்தயங்களை வைத்தே சொல்கிறேன்.

ஓட்டம் முடிந்ததும் ஜாக்கி (குதிரையை ஓட்டுபவர்) இறங்கி, சேணத்தைத் தன் கையாலேயே கழற்றி, அதைச் சுமந்தபடி தராசில் ஏற வேண்டும். சேணமும், குதிரை சுமக்க வேண்டும் என்று குறித்த எடையில் குறைவதை ஈடுகட்டச் செருகும் ஈயத் தகடுகளும் கணக்கில் சேரும். தலைக்கவசமும் சாட்டையும் சேராது. புறப்படும் முன் காட்டிய எடை திரும்பும்போதும் இருந்தாக வேண்டும். ஆகவே எடை பார்த்து முடியும்வரை வாழ்த்துச் செய்தி போடாதீர்கள்.

எடைக்காக வயிற்றைக் காயப்போடுவது இந்தத் தொழிலின் பழைய நோய். ஐந்தடி பத்தங்குல உயரம் கொண்ட பிரெட் ஆர்ச்சர், 13 முறை பிரிட்டனின் சாம்பியன் ஜாக்கி, பட்டினியால் உடல் நொந்திருந்த நிலையில் 1886இல் 29 வயதிலேயே தற்கொலை செய்துகொண்டார். வியர்வையில் எடை குறைக்க மைதானங்களில் இருந்த சானா அறைகளை நிரந்தரமாக மூடும் முடிவு 2021இல்தான் வந்தது. இவ்வளவு தாமதித்திருக்கவே கூடாது!

விழுந்த ஜாக்கி, மருத்துவர் அனுமதித்த பிறகே மீண்டும் குதிரை ஏறலாம். "பயந்துவிட்டார்" என்ற கேலிப் பதிவுகள் இனி நீக்கப்படும்.