பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோருக்கு: கல்லூரி தேட உதவும் இணையதளங்கள் குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

பொதுத்தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கும் இந்த வாரங்களில், உங்கள் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று நொடியில் சொல்லிவிடுவதாகக் கூறும் இணைப்புகள் கைப்பேசிக்கு வந்தவண்ணம் இருக்கும். பெற்றோர் சிலர் அத்தகைய தளங்கள் காட்டிய பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு பள்ளிக்கே வந்து, இவற்றில் எது நல்லது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொன்னதை அனைவருக்கும் பொதுவாகச் சொல்லிவிடலாம் என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கேள்விகளில் பெரும்பாலானவை பொறியியல் கலந்தாய்வைப் பற்றியவை என்பதாலும், குடும்பத்தின் பணம் பெரிய அளவில் கைமாறும் இடமும் அதுவே என்பதாலும், அதை முன்வைத்தே எழுதியிருக்கிறேன்.

கிடைக்கக்கூடிய கல்லூரியைக் கணித்துச் சொல்லும் இந்தத் தளங்களைக் கணிப்பான்கள் என்பேன். முதலில் அவை என்ன செய்கின்றன என்று பார்ப்போம். கணிதத்தை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் கணக்கிட்டு, 200க்கு ஒரு கட்-ஆஃப் மதிப்பெண் பெறப்படுகிறது. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்த மாணவருக்கு 92, 42, 44 ஆகியவற்றைக் கூட்டி 178 வரும். கணிப்பான் இந்த 178ஐ எடுத்துக்கொண்டு, முந்தைய ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் ஒவ்வொரு வகுப்பினருக்கும் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் நிரம்பியது என்னும் பட்டியலோடு ஒப்பிட்டு, அதற்குக் கீழே முடிந்த இடங்களையெல்லாம் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அந்தப் பட்டியலைத் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான அரசின் இணையதளமே இலவசமாக வெளியிடுகிறது. தனியார் தளம் சேர்ப்பது வண்ணமும் விளம்பரமும் மட்டுமே.

போன ஆண்டு பெய்த மழையை வைத்து இந்த ஆண்டு நாற்று விடுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 178 எடுத்தவர் தரவரிசையில் பின்னே தள்ளப்படுவார். கடினமாக அமைந்த ஆண்டில் அதே 178 அவரை முன்னே கொண்டுவரும். ஆகவே மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதைவிட, தரவரிசை எண் வெளியான பிறகு அதை முந்தைய ஆண்டுகளின் தரவரிசை எண்களோடு ஒப்பிடுவதே நம்பத்தக்கது. அதுவரை கணிப்பான் சொல்வதைத் தோராயமாகவே கொள்ளுங்கள். இடங்களின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் மாறுகிறது. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்று இருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2024-25ஆம் கல்வியாண்டு முதல் தளர்த்திய பின், சில கல்லூரிகள் கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்களைக் கூட்டிக்கொண்டன. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்ற பெயர்களில் புதிதாகத் தொடங்கப்படும் பிரிவுகளுக்கோ முந்தைய ஆண்டுக் கணக்கே கிடையாது. அந்தப் பிரிவில் படித்து வெளியேறிய ஒருவரைத் தேடி விசாரிக்கவும் முடியாது.

ஒரு பிரிவில் கடைசி இடம் நிரம்பிய கட்-ஆஃப் காட்டுவது கல்லூரியின் தரத்தையல்ல, அந்த இடத்துக்கு எத்தனை பேர் முந்தினார்கள் என்பதையே என்பதைப் பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியின் கட்டடவியல் பிரிவு 150இலும், பக்கத்திலுள்ள சுயநிதிக் கல்லூரியின் கணினிப் பிரிவு 170இலும் முடிந்தால், பின்னது சிறந்தது என்று அதற்குப் பொருளாகாது. எல்லோரும் கணினியைக் கேட்டார்கள் என்பதற்கு மேல் அந்த எண்ணில் செய்தி எதுவும் இல்லை. கட்டடவியலில் மனம் உள்ள பிள்ளைக்கு, அந்தக் கூட்டம் வேறு பக்கம் போயிருப்பது நல்வாய்ப்பாகவும் அமையலாம்.

நம் பள்ளி மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. அவர்களுக்குத் தனித் தரவரிசையும் வழங்கப்படுகிறது. மாணவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்காத கணிப்பான், பொதுத் தரவரிசையை மட்டும் கணக்கில் கொண்டு, கிடைக்கக்கூடிய கல்லூரியைக் கிடைக்காது என்று காட்டிவிடும். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவர் பொதுப்பிரிவு இடத்தையும் பெற முடியும் என்பதையும் சில கணிப்பான்கள் விட்டுவிடுகின்றன. இவற்றைப் பார்த்து மனம் தளர்ந்து, நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் கன்சல்டன்சியிடம் முன்பணம் கட்டிவிடாதீர்கள். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும் மாணவருக்கு அந்த உரிமை இல்லை. நான்கு ஆண்டுக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

இனி, கிடைக்கக்கூடிய கல்லூரிகளில் எது நம் பிள்ளைக்குப் பொருந்தும் என்னும் கேள்விக்கு வருகிறேன். இதற்குக் கணிப்பான்கள் உதவுவதில்லை. உதவக்கூடிய ஆவணங்கள் வேறு இடங்களில் பொதுவெளியிலேயே இருக்கின்றன. அவை பார்ப்பதற்கு வறட்சியாக இருப்பதால் அவற்றைத் திறந்து படிப்பவர்கள்தாம் குறைவு.

மத்திய அரசு 2016 முதல் ஆண்டுதோறும் வெளியிடும், உயர்கல்வி நிறுவனங்களுக்கான என்ஐஆர்எஃப் தரவரிசையைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். எந்தக் கல்லூரி எத்தனையாவது இடம் என்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். பொறியியல் தரவரிசையில் 100க்கு 30 மதிப்பெண் ஆராய்ச்சிக்கும் தொழில்முறைச் செயல்பாடுகளுக்கும், 10 மதிப்பெண் வெளியார் அந்தக் கல்லூரியைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இளநிலைப் படிப்பில் சேரும் பிள்ளைக்கு இவை நேரடியாகப் பயன்படுவது குறைவு. நான் பார்க்கச் சொல்வது, அதே தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் பெயரோடும் இணைக்கப்பட்டுள்ள விவர அறிக்கையை. முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்துக்குள் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் வேலையில் அமர்ந்தார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றார்கள், வேலை பெற்றவர்களின் இடைநிலை ஊதியம் எவ்வளவு என்பவை அதில் ஆண்டுவாரியாக இருக்கும்.

அந்த எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இடைநிலை ஊதியம் என்பது, வேலை பெற்றவர்களை ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. கல்லூரி வாசலில் பதாகை கட்டி விளம்பரம் செய்யும் ஒற்றை மாணவரின் பெருந்தொகையைவிட இது நேர்மையான அளவுகோல். ஆயினும் வேலை கிடைத்தவர்களை மட்டுமே இது கணக்கில் கொள்கிறது. 300 பேர் சேர்ந்து, 210 பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்று, 90 பேர் வேலைக்குச் சென்ற ஒரு கல்லூரியை எடுத்துக்கொண்டால், அங்கே இடைநிலை ஊதியம் எவ்வளவு உயரமாக இருந்தாலும், மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும். இந்த விவரங்களைத் தருபவை அந்தந்தக் கல்லூரிகளே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஏ பிளஸ் பிளஸ் போன்ற தரக்குறியீடு கல்லூரி முழுமைக்கும் உரியது; தேசிய அங்கீகார வாரியமான என்பிஏவின் அங்கீகாரம் பாடப்பிரிவு வாரியாக வழங்கப்படுகிறது. இயந்திரவியலுக்கு என்பிஏ அங்கீகாரம் பெற்ற கல்லூரி, அதைத் தன் முகப்பில் எழுதிவைத்து, அங்கீகாரம் இல்லாத வேறு பிரிவுக்கு மாணவர்களைச் சேர்ப்பதும் நடக்கிறது. உங்கள் பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, அதன் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் பருவத்தேர்வுத் தேர்ச்சி விகிதப் பட்டியலும் பயனுள்ளது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே வினாத்தாள் தயாரித்துத் தாமே திருத்துபவை என்பதால், அவற்றின் தேர்ச்சி விகிதத்தைப் பல்கலைக்கழகத் தேர்வெழுதும் கல்லூரிகளின் விகிதத்தோடு ஒப்பிட முடியாது. தன்னாட்சி இல்லாத இரண்டு கல்லூரிகளுக்கு இடையே தடுமாறும்போது மட்டும், ஒரு பருவத்தை வைத்து முடிவு செய்யாமல், தொடர்ந்து சில பருவங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

சேர்க்கை இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள தகவல் பக்கத்தைப் பெற்றோர் அதிகம் கவனிப்பதில்லை. விடுதி வசதி, உணவுக் கட்டணம், பேருந்து வசதி போன்றவை அதில் இருக்கின்றன. பெண் பிள்ளைகளின் படிப்பு நம் ஊரில் பல சமயம் முடிவாவது இந்த வரிகளில்தான். விடுதியைப் பற்றிய அச்சத்தால் மகளை அருகிலுள்ள ஏதோ ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டு, தினமும் நெடுநேரப் பேருந்துப் பயணத்தில் அவளுடைய மாலைப்பொழுதுகளைக் கரைக்கும் குடும்பங்களை நான் அறிவேன். தொலைவைக் கருதுவது தவறில்லை. கருதுவதானால் பயண நேரத்தையும் விடுதியையும் நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் ஆர்வத்தைக் கண்டறிவதாகச் சொல்லும் இணையத் தேர்வுகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ தளத்தில் உள்ள வழிகாட்டல் தகவல்களைப் பிள்ளைகள் படிக்கலாம். ஆனால் எந்தத் தேர்வின் முடிவையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், அதில் இப்படி வந்திருக்கிறதே, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டு, பதிலைக் குறுக்கிடாமல் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் தேர்வுகள் தேவையில்லை என்பது என் கருத்து.

விருப்பப் பட்டியலை நிரப்புவதில்தான் நான் அதிகக் குழப்பத்தைப் பார்க்கிறேன். கிடைக்காது என்று தெரிந்த கல்லூரியை முதலில் எழுதினால் வாய்ப்பு வீணாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரையும் எடுத்து, அவர் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, அவருக்குரிய ஒதுக்கீட்டுப் பிரிவில் இடம் மீதமிருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்குகிறது. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும். அதனால் அடுத்த விருப்பத்துக்கான வாய்ப்பு கடுகளவும் குறையாது. எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் தரலாம். ஆகவே கிடைக்குமா என்று கணித்து வரிசைப்படுத்தாமல், எது வேண்டும் என்பதை மட்டும் கருதி வரிசைப்படுத்துங்கள். கணிப்பானுக்கு இங்கே ஒரே ஒரு வேலை உண்டு: பட்டியல் போதுமான அளவு கீழே வரை நீள்கிறதா என்று சரிபார்ப்பது. ஆனால் இடம் கிடைத்தாலும் சேர விரும்பாத கல்லூரியைப் பட்டியலின் கடைசியில்கூட எழுத வேண்டாம். கணினி அதையும் விருப்பம் என்றே எடுத்துக்கொள்ளும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதா, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவதா என்று குறுகிய அவகாசத்துக்குள் முடிவைப் பதிவு செய்ய வேண்டும். அந்த நாட்களில் பிள்ளையின் கைப்பேசி எண் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் பிரௌசிங் சென்டர்காரரின் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லும் ஓடிபியும் உங்கள் குடும்பத்துக்கு வெளியே போகக் கூடாது. அவை கையில் இருந்தால், உங்கள் பிள்ளையின் விருப்ப வரிசையை மாற்ற வேறொருவருக்குச் சில நிமிடங்கள் போதும். கணிப்பான் தளங்கள் முடிவைக் காட்டும் முன் கைப்பேசி எண் கேட்பதும், பிறகு ஓயாமல் அழைப்புகள் வருவதும் தற்செயலாக நடப்பவை அல்ல.

கலை அறிவியல் கல்லூரிகளைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பித்தாலும் கலந்தாய்வை அந்தந்தக் கல்லூரியே நடத்துகிறது. எனவே ஒவ்வொரு கல்லூரியின் அறிவிப்பையும் தனித்தனியே கவனித்துவர வேண்டும்.

தேர்வு முடிவு வெளியான பின் வரும் முதல் இரண்டு சனிக்கிழமைகளிலும் காலை 10 மணி முதல் பள்ளியின் ஹைடெக் ஆய்வகம் பெற்றோருக்காகத் திறந்திருக்கும். உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியரும் நானும் அங்கே இருப்போம். பிள்ளையை உடன் அழைத்து வாருங்கள். பிள்ளை இல்லாமல் பெற்றோர் மட்டும் வந்தால் பட்டியலைப் பற்றிப் பேச இயலாது. வருவதற்கு முன், நீங்களும் பிள்ளையும் தனித்தனித் தாள்களில் விரும்பும் கல்லூரியையும் பிரிவையும் ஐந்தாறு எழுதிக் கொண்டுவந்தால், இரண்டையும் அருகருகே வைத்துப் பேசலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இன்னும் பெறாதவர்கள் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வெளியான வாரத்தில் அங்கே கூட்டம் அதிகமாக இருக்கும். இடையில் வேறு பள்ளியில் படித்துவிட்டு நம் பள்ளிக்கு வந்தவர்கள், ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளிகளின் விவரங்களை எழுத்தர் அறையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி