சுமிக்கு, நிகிதா விஷயமாக

அன்புள்ள சுமி,

நலம்தானே? அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் நாத்தனார் சொன்னாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பிஸ்கட் சாரை மயிலாப்பூரில் பார்த்தேன். அதே ஜோல்னாப் பை, அதே கேள்வி: "இன்னொருத்தி எங்கே?" நீ கோயம்புத்தூருக்குப் போய் எத்தனை வருஷமானாலும் அவருக்கு நாம் இரண்டு பேரும் ஒரே டிக்கெட்தான்.

எழுதாமல் இருந்ததற்கு நேரில் வந்து திட்டிக்கொள். இப்போது உட்கார்ந்தது உன்னோடு சண்டை போட. "பொண்ணுக்குப் போய் அந்தத் துப்பாக்கிப் படத்தையா போட்டுக் காட்டினே? குட்டைக் கவுனும் பிஸ்டலும் தவிர அதுல என்னடி இருக்கு?" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை. போனில் பதில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்தில் முடியாது. முழுசாகப் படி.

படம் முடிந்ததும் என் பெண் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா இவ இவ்வளவு அழறா? இவ கில்லர்தானே?" அவள் பார்த்து வளர்ந்த படங்களில் துப்பாக்கி எடுத்த பெண்கள் அழுவதில்லை. சுட்டுவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, ஸ்லோமோஷனில் நடந்து வருவார்கள். அந்தக் கேள்விக்கு பதில் யோசிக்க யோசிக்கத்தான் 'நிகிதா'வை எடுத்த பிரெஞ்சு இயக்குநர் லுக் பெசோன் 1990இல் என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்கே முழுதாகப் புரிந்தது.

ஆரம்பத்தை நினைத்துப் பார். நடுராத்திரியில் போதைக் கும்பல் ஒன்று மருந்துக்கடைக்குள் நுழைகிறது. போலீஸ் வந்து சண்டை மூண்டு, கடை சல்லடையாகிறது. அந்தக் கும்பலில் ஒருத்தியான நிகிதா மட்டும் ஒரு மேஜைக்கடியில் சுருண்டு கிடக்கிறாள். ஒரு போலீஸ்காரர் குனிந்து, பரிவோடுதான், ஏதோ கேட்கிறார். அவர் தாடைக்குக் கீழே துப்பாக்கியை வைத்துச் சுட்டுவிடுகிறாள். முகத்தில் ஒன்றுமில்லை, கோபம்கூட இல்லை. அப்புறம் விசாரணையில் அதிகாரியின் கையில் பென்சிலைக் குத்துகிறாள். கொலை செய்வதற்கு அந்தப் பெண்ணுக்கு யாரும் பாடம் எடுக்கவே வேண்டியதில்லை, சுமி. அரசாங்கம் கையில் எடுப்பதற்கு முன்பே அவளுக்கு அது வரும்.

அப்புறம் என்ன நடக்கிறது? ஆயுள் தண்டனை கொடுத்து, ஊசி போட்டு, செத்துவிட்டதாக உலகத்தை நம்பவைத்து, ஒரு வெள்ளை அறையில் கண் விழிக்க வைக்கிறார்கள். அவளைப் பழக்கப்போகும் ரகசிய அதிகாரி பாப் வந்து அவளுடைய இறுதிச் சடங்கின் போட்டோவையே அவளிடம் காட்டுகிறார். இனிமேல் அரசாங்கத்துக்காகக் கொல், இல்லையென்றால் அந்தக் கல்லறைக்கே போ. துப்பாக்கி, கராத்தே, கம்ப்யூட்டர் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அதெல்லாம் சும்மா. படத்தின் நிஜமான வகுப்பு ழான் மோரோவின் கண்ணாடி முன்னால்தான் நடக்கிறது.

நம் பழைய பிரெஞ்சு நடிகை ழான் மோரோ! அறுபதைத் தாண்டிய வயதில், பத்து நிமிஷம்கூடத் தேறாத வேஷத்துக்கு வந்து உட்கார்ந்து, அந்தக் காட்டுப் பூனைக்கு லிப்ஸ்டிக் போடக் கற்றுக் கொடுக்கிறார். பதில் தெரியாவிட்டால் புன்னகை செய், அறிவு கூடாது, எதிரில் இருப்பவருக்காவது இதமாக இருக்கும் என்கிற மாதிரி ஒரு புத்திமதி. குரலில் எவ்வளவு களைப்பு, எவ்வளவு கருணை! அந்த அம்மாளும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்திருப்பாளோ என்று எனக்கு எப்போதும் தோன்றும். அழகை ஆயுதமாக்கத்தான் அந்த வகுப்பு. ஆனால் ஒருத்திக்குத் தன் முகத்தைப் பார்க்கக் கற்றுக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதிரில் நிற்பவர்களின் முகமும் அவளுக்குத் தெரிய ஆரம்பித்துவிடுமே! கொலைகாரியைப் பட்டை தீட்டுகிறோம் என்று நினைத்து அவளை மனுஷியாக்கிவிட்டார்கள். மனுஷியானதும் கொல்ல முடியவில்லை. அதனால்தான் அழுகிறாள். என் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். நீ இல்லை என்று சொல் பார்ப்போம்.

"விளம்பரப் படம் மாதிரி இருக்கு" என்று நீ அன்றைக்கே சொன்னாய். அப்போது பிரான்ஸிலேயே பல விமர்சகர்கள் அதைத்தான் சொன்னார்கள். பெனெக்ஸ், பெசோன், கராக்ஸ் மூன்று இயக்குநர்களையும் 'லுக்' (look, வெளித்தோற்றம்) சினிமாக்காரர்கள் என்று ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள்: பளபளப்பு உண்டு, உள்ளே ஒன்றுமில்லை. தியெரி அர்போகாஸ்த்தின் கேமராவில் நீலம் தூக்கல்தான். எரிக் செராவின் இசையும் இரும்புக் குழாயில் தட்டுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தப் பளபளப்பு யாருடையது என்று யோசி. பளபளப்பாக இருப்பதெல்லாம் பாப் கொடுத்தவை. அவளே தேடிக்கொண்டவை எதிலும் பளபளப்பு கிடையாது.

லெ த்ரெய்ன் ப்ளூ காட்சியை எடுத்துக்கொள். கார் த லியோன் ரயில் நிலையத்துக்குள்ளேயே, 1901இல் திறந்த உணவகம். கூரையெல்லாம் ஓவியம், தங்க முலாம், தொங்குவிளக்கு. வருஷக்கணக்கில் அடைத்துவைத்த பெண்ணை, கறுப்பு உடையும் ஹைஹீல்ஸும் போடவைத்து, பிறந்தநாளுக்கு அங்கே அழைத்து வருகிறார் பாப். பரிசுப் பெட்டி கொடுக்கிறார். அவள் முகத்தில் அந்த நேரத்தில் வரும் சந்தோஷத்தை மறுபடி பார், சின்னக் குழந்தையின் முகம் அது. பெட்டிக்குள் துப்பாக்கி. பின்னால் உட்கார்ந்திருப்பவரைச் சுடு, ஆண்கள் கழிப்பறை ஜன்னல் வழியாகத் தப்பி வா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். சுட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். நீ சமையலறைச் சண்டையைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறாய். எனக்கு அந்தச் செங்கல் சுவர் போதும். நிகிதாவாக நடித்த ஆன் பரியோ அந்தச் சுவரின் முன்னால் நிற்கிற இரண்டு விநாடிக்கே 1991இல் பிரான்ஸின் செஸார் விருதைக் கொடுத்திருக்கலாம். மொத்தப் படத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள், சரி.

இதற்கு எதிர்ப்பக்கம் சூப்பர் மார்க்கெட். வெளியே விட்டுவிட்டார்கள், கையில் புதுப் பெயர், காலி வீடு. கடைக்குள் போகிறாள். வீடு என்றால் என்ன வாங்க வேண்டும் என்று தெரியாது. பக்கத்தில் ஒரு பெண் என்னென்ன எடுக்கிறாளோ அதையே இவளும் எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொள்கிறாள். வண்டி நிறைய ராவியோலி டப்பாக்கள்! பில் போடுகிறவன் மார்க்கோ. அவனையே சாப்பிடக் கூப்பிடுகிறாள். இவ்வளவு எளிமையான காதல் காட்சியை நான் துப்பாக்கிப் படம் எதிலும் பார்த்ததில்லை. அதில் நீலமும் இல்லை, செராவின் இரும்புச் சத்தமும் இல்லை. உன்னுடைய குட்டைக் கவுனும் இல்லைடி!

அப்புறம் பாப் மாமா விருந்துக்கு வருகிறாரே. மார்க்கோ எதிரில் அவர் அவளுடைய சின்ன வயசுக் கதையை இட்டுக்கட்டிச் சொல்கிறார். நடக்கவே நடக்காத ஒரு அழகான குழந்தைப் பருவம். மார்க்கோ சிரித்துக்கொண்டே கேட்கிறான். அவளும் கேட்கிறாள், கண் கலங்க. அது பொய் என்று தெரிந்த இரண்டு பேர், அதை நிஜமாக்க ஆசைப்படும் இரண்டு பேர். பாப்பாக நடித்த செக்கி காரியோ அந்த இடத்தில் செய்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவருக்கு அவள் மேல் இருந்தது வெறும் அதிகாரம்தான் என்று உன்னால் சொல்ல முடியாது. அந்தப் பாசத்தோடேயே வெனிஸ் டிக்கெட்டையும் நீட்டுகிறார். வெனிஸில் தேனிலவு மாதிரி ஒரு அறை. திடீரென்று உத்தரவு வருகிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ரைஃபிளோடு ஜன்னலில் காத்திருக்க, கதவுக்கு அந்தப் பக்கம் மார்க்கோ அவளோடு மனம் விட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறான். இலக்கின் மேல் வைத்த கண்ணை எடுக்க முடியாமல், அவனுக்கு வாய் திறந்து பதில் சொல்லவும் முடியாமல், அவள் முகம் படும் பாடு. சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது, சிரிக்காதே.

கடைசியாக உன் ஆளுக்கு வருகிறேன். ழான் ரெனோ. லெயோன் என்றால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாயே, அந்த 1994 படத்தின் விதை இங்கே விழுந்ததுதான். வேலை கெட்டுப்போனால் சுத்தம் செய்ய வரும் விக்தோர். பேச்சில்லை, முகத்தில் அசைவில்லை, பிணங்கள் மேல் அமிலத்தை ஊற்றுகிறான். போதும், நிறுத்து என்று நிகிதா கதறுகிறாள், அவன் காதில் விழவே இல்லை. பாப் ஆசைப்பட்ட முழுமையான ஏஜென்ட் அவன்தான். பத்து வருஷம் இதே வேலையில் இருந்தால் அவளும் அப்படித்தான் ஆவாள் என்று பெசோன் கண் முன்னால் நிறுத்திவிடுகிறார். விடியும் முன்பே அவள் எல்லாவற்றையும் விட்டுப் போவது அவனைப் பார்த்த பிறகுதானே! மகனைக் கொண்டாடிவிட்டு அம்மாவைத் திட்டுகிறாயே, இது உனக்கே நியாயமா?

இன்னொரு ஆத்திரமும் இருக்கிறது, கொட்டிவிடுகிறேன். இந்தக் கதையை எத்தனை பேர் திரும்ப எடுத்தார்கள் பார். 1991இல் ஹாங்காங்கில் ஒன்று, 1993இல் பிரிட்ஜெட் ஃபோண்டாவை வைத்து ஹாலிவுட்டில் ஒன்று. அப்புறம் 1997இல் பீட்டா வில்சன் நடித்த தொலைக்காட்சித் தொடர். அதில் அவள் போலீஸ்காரரைக் கொல்லவே இல்லையாம், அநியாயமாக மாட்டிக்கொண்ட நிரபராதியாம். எவ்வளவு கோழைத்தனம்! அந்தக் கொலை அவளுடையதாக இருந்தால்தான் பிற்பாடு வரும் கண்ணீருக்குக் கனம். 2010இல் மேகி க்யூ நடித்த தொடரில் அவள் ஏற்கனவே தப்பிவிட்டவள், பழிவாங்க வருகிறாள். நன்றாகத்தான் சண்டை போடுகிறார். ஆனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அவளுக்கு வீரம் ஏறியது, அழுகை வற்றியது. என் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டதில் என்ன ஆச்சரியம்?

இனி எழுதப்போவதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். படம் பார்க்கும்போது ஒரு இடத்தில் என் பெண், "எங்க டீம் லீட் மாதிரியே பேசறார்மா இந்த பாப்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போது மறுபடி கேட்டபோதுதான் எல்லாம் வந்தது. அவள் கம்பெனியில் இரண்டு வருஷ பாண்ட் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பத்தாவது முதல் டிகிரி வரை அசல் சான்றிதழ்கள் எல்லாம் அவர்கள் அலமாரியில். நடுவில் விட்டால் பெரிய தொகை கட்டு என்கிறார்களாம். ராத்திரி எந்நேரமும் போன் வருகிறது. கேட்டால் "உன்னைக் குடும்பத்துல ஒருத்தியா நினைக்கிறோம்" என்கிறார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியிருக்கிறார்கள், அன்றைக்கே சனி, ஞாயிறு ஷிப்ட்டும் போட்டுவிட்டார்கள். அவள் அழவில்லை, சுமி. படத்தைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குத்தான் அன்று தூக்கம் போனது. அந்த வயதில் நாம் ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்தாவது ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிக்கொண்டோம்.

உன் தம்பி இப்போதும் கோர்ட்டுக்குப் போகிறான்தானே? அசலை இப்படி வாங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டா, அந்தத் தொகையைக் கட்டித்தான் ஆகவேண்டுமா என்று அவனிடம் கேட்டுச் சொல். அவள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் நகல் இதோடு வைத்திருக்கிறேன். நான் கேட்டதாக அவளுக்குத் தெரியவேண்டாம். வக்கீல் விஷயம் என்றால் பயந்துவிடுவாள். பதிலை எனக்கே எழுது. இவரிடமும் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் உடனே ஆபீஸ் வாசலில் போய் நிற்பார்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் நீ வருவதாகச் சொன்னது உறுதிதானே? கோவை எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போட்டுவிடு, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட் என்று சாக்குச் சொல்லாதே. வருவதற்குள் படத்தை ஒரு முறை முழுசாகப் பார்த்துவிட்டு வா. கடைசிக் காட்சியில் அவள் போன பிறகு மார்க்கோவும் பாப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்களே, அங்கே பாப்புக்கு வலிக்கிறதா இல்லையா என்று நீயே பார்த்துச் சொல். வலிக்கிறது என்கிறேன் நான். இல்லை என்கிறாள் என் பெண்.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உன் பதினேழாம் நம்பர் ரூம்காரி