கடற்பஞ்சு அலங்காரப் பொருள் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் பவளத் தொட்டி, அதாவது பவள உயிர்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, அமைப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உப்பின் அளவு, வெப்பநிலை, விளக்கு ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகள் பயனுள்ளவை. ஆனால், தொட்டிக்கு நிறம் சேர்க்க விரும்பும் புதியவர்கள் கடற்பஞ்சை எளிதாக வளர்க்கலாம் என்று எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

கடற்பஞ்சு செடிபோல் தோன்றினாலும் அது ஒரு விலங்கு. வாயும் வயிறும் இல்லாத அதன் உடலெங்கும் நுண்துளைகளும் கால்வாய்களும் நிறைந்திருக்கின்றன; உள்ளே உள்ள, சாட்டைபோல் அசையும் இழை கொண்ட கசையிழைச் செல்கள் இடைவிடாமல் நீரை இழுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களையும் அவற்றையொத்த நுண்துகள்களையும் வடிகட்டி உண்கின்றன. கடலில் அந்த உணவுக்குக் குறைவில்லை. நாமோ, நீர் பளிங்குபோல் தெளிந்திருக்க வேண்டும் என்று நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் வடிகட்டும் கரியையும் நுண்ணுயிர்களைக் கொல்லும் புற ஊதா விளக்கையும் வைத்து, அதன் உணவை வெளியேற்றிவிடுகிறோம். மீனுக்குப் போடும் தீனியின் துணுக்குகள் பெரும்பாலும் அந்தத் துளைகளுக்குள் நுழையவே நுழையாது.

பட்டினி கிடக்கும் மீன் மெலிவது கண்ணுக்குத் தெரியும். கடற்பஞ்சோ மாதக்கணக்கில் நிறம் மாறாமல் சிறிது சிறிதாகச் சுருங்கும். அது நன்றாக இருப்பதாகவே நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

இதை நான் அனுபவத்தில் அறிந்தேன். கைவிரல்கள்போல் கிளைத்த செம்மஞ்சள் நிறக் கடற்பஞ்சு ஒன்றை வாங்கி வந்து, அழகு பார்க்கும் ஆசையில் சில நொடிகள் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்தேன். கால்வாய்களில் புகும் காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, அந்த இடத்துத் திசுவைச் சாகடிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சில நாட்களில் ஒரு கிளையின் நுனியில் நகக்கண் அளவுக்கு வெளிறிய புள்ளி தோன்றியது. அதன்மேல் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்தது. தொட்டபோது சதை கரைந்து நார் மட்டும் விரலில் ஒட்டியது. அழுகிய பகுதியை நீருக்குள்ளேயே வெட்டி நீக்கினேன். எஞ்சிய பகுதி நான்கு மாதங்கள் இருந்தது. விளக்கின் நேர் கீழே வைத்ததால் பாசியும் படிந்து துளைகளை அடைத்துவிட, மெல்ல மெல்ல இறந்தது. அழுகும் கடற்பஞ்சு நீரில் அம்மோனியாவைக் கூட்டி, மற்ற உயிர்களுக்கும் கேடு செய்யும்.

அதே தொட்டியின் கீழ் அறையில், வெளிச்சம் எட்டாத குழாய் ஓரத்தில், லைவ் ராக் எனப்படும், கடலுயிர்கள் ஒட்டி வாழும் பாறையுடன் தாமாக வந்த கடற்பஞ்சுகள் இன்றும் பெருகுகின்றன. ஒரு செண்டிமீட்டர் உயரம்கூட இல்லாத வெண்ணிறக் குடுவைகள் அவை. திறப்பைச் சுற்றி மெல்லிய முடிபோன்ற இழைகளின் வளையம் இருக்கும். அவற்றைக் காண இப்போதும் டார்ச்சுடன் குனிகிறேன்.

ஒளியால் வாழும் நுண்ணுயிர்களை உடலில் கொண்ட சில வகைகளுக்கு மட்டும் வெளிச்சம் தேவை. வாங்குவோர் முதலில் வகையைக் கேட்டறிய வேண்டும். பாறையோடு ஒட்டியிருப்பதையே வாங்கி, நீருக்குள்ளேயே பைக்கு மாற்றித் தரச் சொல்ல வேண்டும். தொட்டி தொடங்கி ஓராண்டாவது ஆகாமல் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டுரையின் அடுத்த பகுதியில் இத்திருத்தத்தை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்